தோல் செல் மூளைச் செல் ஆகுமா?

உயிரியல் வகுப்பில் செல் பாடம் தொடங்கும்போது ஆண்டுதோறும் ஒருத்தியாவது எழுந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உடம்பிலுள்ள எல்லாச் செல்களிலும் ஒரே ஜீன்கள்தாம் இருக்கின்றன என்கிறீர்களே மிஸ், அப்படியானால் தோல் செல் ஏன் தோலாகவே இருக்கிறது? அது ஏன் மூளைச் செல்லாக மாறுவதில்லை?" நல்ல கேள்வி. நெடுங்காலம் விஞ்ஞானிகளும் இதற்குச் சரியான விடை அறியாதிருந்தனர். விடை கிடைத்த பின்போ, நடுக்குவாதம் என்று நம் பெரியோர் கூறும் பார்க்கின்சன் நோய்க்கு ஒரு புதிய சிகிச்சை முறை உருவாகத் தொடங்கிவிட்டது. அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் செல்ல வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் ஒரு பெரிய சமையல் நூல் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாச் செல்லிலும் இருப்பது அதே நூல்தான். ஆயினும் தோல் செல் தோலுக்குரிய பக்கங்களை மட்டுமே விரித்து வைத்திருக்கிறது. நரம்புச் செல் தனக்குரிய பக்கங்களை. மற்றப் பக்கங்கள் என்னவாயின? 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் வைஸ்மன், ஒரு செல் தனக்குரிய தொழிலை ஏற்றதும் மற்றத் தொழில்களுக்குரிய குறிப்புகளை இழந்துவிடுகிறது என்று கருதினார். அதாவது, பக்கங்கள் கிழிந்து போயின என்றார். அவை கிழியவில்லை, ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன என்று காட்டியவர் ஜான் கர்டன் என்ற ஆங்கிலேயர்.

இவருடைய பள்ளிக் கதை உங்களுக்குப் பிடிக்கும். 1949-இல் ஈட்டன் பள்ளியில் இவர் உயிரியல் பாடத்தில் 250 மாணவர்களுள் கடைசியாக வந்தார். விஞ்ஞானி ஆகும் எண்ணம் இந்தப் பையனுக்கு இருக்கிறதாம், இது நகைப்புக்குரியது என்று ஆசிரியர் அறிக்கையில் எழுதிவிட்டார். பிற்காலத்தில் அவ்வறிக்கையைச் சட்டம் போட்டுத் தம் அலுவலகத்தில் மாட்டி வைத்திருந்தார் கர்டன். (ரேங்க் கார்டில் குறிப்பு எழுதும் எங்களைப் போன்ற ஆசிரியைகளும் இதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுப்பது நல்லது!)

1962-இல் கர்டன் வெளியிட்ட ஆராய்ச்சி இதுதான். ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டையிலிருந்த உட்கருவைப் புற ஊதாக் கதிரால் அழித்தார். தலைப்பிரட்டையின் குடற்செல் ஒன்றிலிருந்து உட்கருவை எடுத்து அம்முட்டைக்குள் செலுத்தினார். பெரும்பாலான முட்டைகள் வீணாயின. ஆனால் ஒரு சில முட்டைகள் பிரிந்து வளர்ந்து நீந்தும் தலைப்பிரட்டைகள் ஆயின! குடலுக்கென்று வேலை செய்துகொண்டிருந்த உட்கருவில் கண், தசை, மூளை அனைத்தையும் ஆக்கும் குறிப்புகள் அழியாமல் இருந்தன என்பது இதனால் தெளிவாயிற்று. முட்டையிலுள்ள ஏதோ ஒன்று மூடிய பக்கங்களைத் திறந்துவிட்டது. 1996-இல் ஸ்காட்லாந்தில் 277 முயற்சிகளுக்குப் பின் பிறந்த டாலி என்ற ஆட்டுக்குட்டி, பாலூட்டிகளிலும் இது நடக்கும் என்று காட்டியது. அந்த 'ஏதோ ஒன்று' எது என்பது மட்டும் தெரியவில்லை.

இதற்கிடையில் 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன், சில நாட்களே ஆன மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார். ஸ்டெம் செல் என்பது எந்தத் தொழிலையும் இன்னும் ஏற்றுக்கொள்ளாத மூலச் செல். தக்கபடி வளர்த்தால் உடம்பின் எவ்வகைச் செல்லாகவும் மாறும். மருத்துவ உலகம் மகிழ்ந்தது. ஆயினும் அச்செல்களை எடுத்தால் கரு அழிந்துவிடும். மனித உயிர் கருவான முதற்கணத்திலிருந்தே மதிக்கப்பட வேண்டும் என்பது நம் திருச்சபையின் போதனை அல்லவா? உயிருள்ள கருவை அழித்துச் செல் எடுப்பதை 2008-இல் வெளியான வத்திக்கான் ஆவணம் கண்டித்தது. வளர்ந்தோர் உடலிலிருந்தும் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்தும் எடுப்பதில் தடையில்லை என்றது. திருச்சபைக்கு வெளியே இருந்த பலருக்கும் இதே மனக்குறை இருந்தது. ஜப்பானிய மருத்துவர் ஷின்யா யாமனாக்கா அவர்களுள் ஒருவர். நண்பர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி வழியே ஒரு கருவைக் கண்டபோது, இதற்கும் தம் பெண்மக்களுக்கும் எவ்வளவு சிறிய வேறுபாடு என்று தமக்குத் தோன்றியதாகவும், வேறு வழி தேட வேண்டும் என்ற எண்ணம் அப்போது எழுந்ததாகவும் அவர் பின்னாளில் கூறியிருக்கிறார்.

யாமனாக்கா முதலில் எலும்பு அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றவர். மற்றவர்கள் அரைமணியில் முடிக்கும் அறுவைக்கு இவருக்கு மிக அதிக நேரம் பிடிக்குமாம். 'ஜாமா' என்றால் ஜப்பானிய மொழியில் இடையூறு. எனவே மூத்த மருத்துவர்கள் இவரை 'ஜாமனாக்கா' என்று கேலி செய்தனர். அறுவையை விட்டு ஆராய்ச்சிக்கு வந்தார்.

மூலச் செல்லைத் தன் நிலையில் நிறுத்தி வைக்கக்கூடியவை என்று 24 ஜீன்களை அவரது குழு தேர்ந்தெடுத்தது. அவற்றை ஒவ்வொன்றாகச் சுண்டெலியின் தோல் செல்லுக்குள் செலுத்திப் பார்த்தனர், ஒன்றும் நடக்கவில்லை. 24-ஐயும் ஒன்றாகச் செலுத்தியபோது, சில செல்கள் மூலச் செல்லைப் போல மாறின. சரி, 24-இல் உண்மையில் தேவையானவை எவை? இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் சேர்த்துப் பார்க்க ஆயுள் போதாது. அவருடன் பணிபுரிந்த கசுத்தோஷி தக்காஹாஷி எளிய வழி ஒன்று கண்டார். சாம்பாரில் எந்தப் பொருள் ருசி தருகிறது என்று அறிய, ஒவ்வொரு நாளும் ஒரு பொருளை மட்டும் விட்டுவிட்டுச் சமைத்தால் போதும் அன்றோ? பெருங்காயம் விட்ட அன்று ருசி கெட்டால் பெருங்காயம் இன்றியமையாதது. அவ்வாறே ஒவ்வொரு முறையும் ஒரு ஜீனை விலக்கிப் பார்த்தார். இறுதியில் எஞ்சியவை நான்கே: ஆக்ட்-4, சாக்ஸ்-2, கே.எல்.எஃப்-4, சி-மிக். இந்நான்கும் சேர்ந்தால் தோல் செல் தன் தொழிலை மறந்து, பின்னோக்கிச் சென்று மூலச் செல் ஆகிவிடுகிறது. 2006-இல் சுண்டெலியிலும் 2007-இல் மனிதத் தோல் செல்லிலும் இது நிறைவேறியது. 2012-இல் கர்டனும் யாமனாக்காவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்வாறு திருப்பப்பட்ட செல்லுக்கு ஐ.பி.எஸ். செல் என்று பெயர். நம் ஊரில் ஐ.பி.எஸ். என்றால் காவல்துறை அதிகாரி நினைவுக்கு வருவார், இது வேறு. தூண்டுதலால் எவ்வகைச் செல்லாகவும் மாறும் ஆற்றல் பெற்ற மூலச் செல் என்பது அவ்வெழுத்துகளின் பொருள்.

இனி நோய்க்கு வருவோம். 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகில் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கக்கூடும். கையைச் சும்மா வைத்திருக்கும்போது விரல்கள் நடுங்கும். நடக்கும்போது கை வீச்சு குறையும். முகத்தில் உணர்ச்சி தெரியாது. கோபமாக இருக்கிறார் போலும் என்று பேரப்பிள்ளைகள் தவறாக நினைத்துக்கொள்வார்கள். கையெழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். எழுந்திருக்க வேண்டும் என்று மனம் சொல்லும், உடல் உடனே கேட்காது.

காரணம் நடுமூளையில் இருக்கிறது. அங்கே கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. 'கரிய பொருள்' என்றே பொருள்படும்படி அதற்கு லத்தீனில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று பெயரிட்டனர். அங்குள்ள நரம்புச் செல்கள் நீண்ட இழைகளை மூளையின் உட்பகுதியான புட்டாமென் வரை நீட்டி, அங்கே டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நம் அசைவுகள் தடையின்றி நிகழ இந்த டோபமின் வேண்டும். பார்க்கின்சன் நோயில் இச்செல்கள் மடிகின்றன. அந்தக் கருமையும் வெளுத்துப் போகிறது. நடுக்கம் வெளியே தெரியும் முன்பே அச்செல்களில் பெரும்பகுதி அழிந்திருக்கும் என்பதுதான் கொடுமை.

டோபமின் குறைவு என்று கண்டறிந்த வரலாற்றில் நம் நாட்டுச் செடிகள் இரண்டு வருகின்றன என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. ஒன்று சர்ப்பகந்தா. அதிலிருந்து பிரிக்கப்பட்ட ரெசர்ப்பின் என்ற மருந்தை 1957-இல் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசையாமல் காது தொங்கிக் கிடந்தன. பிறகு லெவோடோபா என்ற பொருளை ஊசி மூலம் செலுத்தியதும் அவை எழுந்து ஓடத் தொடங்கின! லெவோடோபா மூளைக்குள் சென்று டோபமினாக மாறுகிறது. (டோபமினையே கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது தாண்டாது.) இரண்டாவது செடி வேலியோரத்தில் படரும் பூனைக்காலி. அதன் விதையில் லெவோடோபா மிகுதியாக உண்டு. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்து 1937-இலேயே கட்டுரை வெளியிட்டனர். அப்போது அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்று யாருக்குத் தெரியும்! 1961-இல் வியன்னாவில் நோயாளிகளுக்கு லெவோடோபா முதன்முதலாக ஊசி மூலம் கொடுக்கப்பட்டது. 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் அதை வாய்வழியாகத் தொடர்ந்து கொடுத்து நல்ல பலன் கண்டார். இன்றும் முதன்மையான மருந்து அதுவே.

ஆனால் மருந்து டோபமினைத்தான் தருகிறது. மடிந்த செல்லைத் தருவதில்லை. சில ஆண்டுகளில் ஒரு வேளை மாத்திரையின் பலன் அடுத்த வேளை வருமுன் தீர்ந்துவிடுகிறது. மாத்திரை அதிகமானாலோ உடல் தானாக நெளிந்து ஆடுகிறது. ஆகையால் செல்லையே திரும்ப வைத்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. 1987-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில், கருச்சிதைவில் கிடைத்த சிசுக்களின் நடுமூளைத் திசுவை நோயாளியின் மூளையில் வைக்கத் தொடங்கினர். சிலருக்குப் பல்லாண்டுகள் நல்ல பலன் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் 2001-இலும் 2003-இலும் வெளியான ஒப்பீட்டு ஆய்வுகளில் எதிர்பார்த்த முன்னேற்றம் தெரியவில்லை. சிலருக்குத் தானாக நெளியும் அசைவுகள் தோன்றின. ஒரு நோயாளிக்கே பல சிசுக்களின் திசு வேண்டியிருந்தது. ஒன்றைப் போல் ஒன்று இராது. அறநெறிக் கேள்வியோ நீங்கவே இல்லை. எனினும், புதிய செல் மூளையில் உயிரோடிருந்து டோபமினைச் சுரக்க முடியும் என்பதை இம்முயற்சிகள் காட்டிவிட்டன. நல்ல செல், ஒரே தரமாக, வேண்டிய அளவு எங்கிருந்து கிடைக்கும் என்பதே எஞ்சிய கேள்வி. யாமனாக்காவின் செல் அங்கேதான் வந்து சேர்கிறது.

கியோத்தோ பல்கலைக்கழகத்தில் ஜூன் தக்காஹாஷி தலைமையிலான குழு செய்தது இது. உடல்நலமுள்ள ஒருவர் தானமாகத் தந்த இரத்தத்தின் செல்களை ஐ.பி.எஸ். செல்லாகத் திருப்பினர். பின்னர், கருவில் நடுமூளை உருவாகும்போது என்னென்ன வேதிப்பொருள்கள் எந்த வரிசையில் வருகின்றனவோ, ஏறத்தாழ அதே வரிசையைக் கிண்ணத்தில் கொடுத்து, டோபமின் செல்லாகப் போகும் இளம் செல்களாக வளர்த்தனர். முற்றிய நரம்புச் செல்லை இடம் மாற்றினால் அது பிழைப்பது அரிது. நாற்றைப் பிடுங்கி நடலாம், கதிர் வந்த பயிரை நட முடியுமா? தவறான செல்கள் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, வேண்டிய செல்லின் மேற்பரப்பிலுள்ள கொரின் என்ற புரதத்தை அடையாளமாகக் கொண்டு பிரித்தெடுத்தனர். மாறாமல் தங்கிவிடும் மூலச் செல் சிறிது நுழைந்தாலும் அது கட்டியாக வளரக்கூடும். யாமனாக்காவின் நான்கு ஜீன்களுள் சி-மிக் என்பது புற்றுநோயோடு தொடர்புடையது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த அச்சத்தாலேயே 2006-இல் தொடங்கிய கதை மனித மூளையை அடையப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. செல்கள் மடிந்த இடம் நடுமூளை. ஆனால் புதிய செல்களை நடுவதோ புட்டாமெனில். நடுமூளையில் நட்டால் அங்கிருந்து புட்டாமென் வரை இழை நீண்டு வளர வேண்டும். வளர்ந்தோரின் மூளையில் அது எளிதன்று. கிணறு வற்றிய இடத்தில் தோண்டாமல், தண்ணீர் தேவைப்படும் வயலிலேயே கிணறு வெட்டுவது போன்றது இது.

நடுக்குவாதம் உண்டாக்கப்பட்ட குரங்குகளில் இச்செல்கள் இரண்டு ஆண்டுகள் வரை கட்டியின்றி இயங்கியதையும், அசைவு மேம்பட்டதையும் 2017-இல் வெளியிட்டனர். 2018 அக்டோபரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு நோயாளியின் மூளையில் மண்டையோட்டில் சிறு துளையிட்டு முதல் முறையாகச் செலுத்தினர். மொத்தம் ஏழு பேர். வயது 50 முதல் 69 வரை. சிலருக்கு மூளையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 20 லட்சத்துக்கு மேலும், சிலருக்கு 50 லட்சத்துக்கு மேலும் செல்கள். பிறர் செல் ஆகையால் உடல் அதை எதிர்க்காதிருக்க மருந்தும் தரப்பட்டது.

முடிவுகள் 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. இரண்டு ஆண்டுகளில் கடுமையான பக்கவிளைவு எவருக்கும் இல்லை, கட்டியும் தோன்றவில்லை. பலன் ஆறு பேரிடம் கணக்கிடப்பட்டது. மாத்திரையின் பலன் நீங்கிய நிலையில் அசைவுக் குறைபாட்டை மதிப்பெண் இட்டு அளந்தனர். (இந்தத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால்தான் மகிழ்ச்சி.) நால்வருக்கு முன்னேற்றம், ஆறு பேரின் சராசரியில் 9.5 புள்ளி, அதாவது 20.4 சதவீதம், குறைந்தது. டோபமின் உருவாவதைக் காட்டும் படத்தில் புட்டாமெனில் சராசரி 44.7 சதவீத உயர்வு தெரிந்தது. செல்கள் பிழைத்திருக்கின்றன, வேலையும் செய்கின்றன என்பதற்கு இதுவே வலுவான சான்று என்பது என் கருத்து. மதிப்பெண் உயர்வு தாழ்வைவிட இந்தப் படத்தையே நான் நம்புவேன். ஏனெனில் இவ்வாய்வில், சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லை. நல்ல சிகிச்சை கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையே நடுக்குவாத நோயாளிகளின் அசைவைச் சில காலம் மேம்படுத்தும் என்பது பல ஆய்வுகளில் கண்ட உண்மை. 2025 ஆகஸ்டில் சுமிட்டோமோ பார்மா நிறுவனம் இச்செல்களை மருந்தாக வெளியிட ஜப்பான் அரசிடம் அனுமதி கோரி விண்ணப்பித்தது. ஏழு பேரைக் கொண்டு ஒரு மருந்தின் பலனை முழுவதும் எடைபோட முடியாது என்பதைக் கணக்குப் பாடம் படிப்பவர்கள் நன்கு அறிவீர்கள்.

மற்ற முயற்சிகளும் உண்டு. அமெரிக்காவில் ஒரு நோயாளியின் சொந்தத் தோலிலிருந்தே செல் தயாரித்து 2017-லும் 2018-லும் அவர் மூளையில் வைத்தனர். எதிர்ப்பைத் தடுக்கும் மருந்து தேவைப்படவில்லை, ஆனால் ஒருவருக்கெனத் தனியே தயாரிப்பதில் காலமும் செலவும் மிகுதி. கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லைக் கொண்டு 12 பேரிடம் நடந்த ஆய்வும் 2025 ஏப்ரலிலேயே வெளிவந்தது. அதுவும் பாதுகாப்பாகவே இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அறநெறிக் கேள்வி வேறு, பலன் பற்றிய கேள்வி வேறு. தண்டுவடம் அடிபட்ட நால்வருக்கு ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஐ.பி.எஸ். செல் வைத்ததில் இருவருக்கு முன்னேற்றம் தெரிந்ததாக 2025 மார்ச்சில் அறிவித்தனர்.

அப்படியானால் மறதி நோயான அல்சைமருக்கும் இப்படிச் செய்யலாமே என்பீர்கள். நடுக்குவாதத்தின் அசைவுக் குறைபாட்டில் இழப்பு பெரும்பாலும் ஒரே வகைச் செல்லில், ஒரே இடத்தில். ஆகவேதான் அது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அல்சைமரிலோ மூளையின் பல பகுதிகளில் பல வகைச் செல்கள், நினைவுகளைத் தாங்கிய இணைப்புகளோடு சேர்ந்து அழிகின்றன. புதிய செல்லுக்குப் பழைய நினைவு எப்படித் தெரியும்? நடுக்குவாதத்திலும் நோயின் மூலகாரணம் அப்படியே இருக்கிறது. சிசுத் திசு வைக்கப்பட்டுப் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்து மறைந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, வைக்கப்பட்ட இளஞ்செல்கள் சிலவற்றிலும் அந்நோயின் அடையாளமான புரதக் கட்டிகள் தோன்றியிருந்ததை 2008-இல் கண்டனர். மலச்சிக்கல், தூக்கக் கேடு, மணம் அறியாமை, நினைவுக் குறைவு ஆகிய துன்பங்களையும் டோபமின் செல் தீர்க்காது.

இவ்வளவையும் விரிவாக எழுதக் காரணம் உண்டு. 'ஸ்டெம் செல் சிகிச்சை, நடுக்குவாதம் முற்றிலும் குணம்' என்ற விளம்பரங்களைப் பார்த்து நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சில இரத்த நோய்கள் முதலியவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை வகை மாற்றுச் சிகிச்சையைத் தவிர, பிற ஸ்டெம் செல் முறைகளை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நோயாளிக்குச் செய்யலாம். ஆய்வில் சேருபவரிடம் அதற்காகக் கட்டணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால், அது எந்த ஆய்வு, எங்கே பதிவாகியிருக்கிறது, எந்த வகைச் செல், எந்த இடத்தில் வைப்பார்கள் என்று நீங்கள் கேளுங்கள். கை நரம்பில் ஊசி போட்டால் அது மூளையின் புட்டாமெனில் போய் உட்காரும் என்று யாராவது சொன்னால், மேலே படித்ததைக் கொண்டே மறுத்துவிடலாம்.

வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ இந்நோய் இருந்தால் இன்று அவர்களுக்கு முதன்மையான துணை லெவோடோபா மாத்திரையும் உடற்பயிற்சியும். மாத்திரை வேளை தவறக் கூடாது. மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தவும் கூடாது. பருப்பு, முட்டை, பால் போன்ற புரதம் மிகுந்த உணவோடு சேர்ந்து உட்கொண்டால் மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. ஆகவே எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.